பொருளில்லாத துண்டு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்

ஜூன் 3, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

தமிழில் எந்தச் சொல்லை எடுத்துப் பிரித்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருள் இருக்கும். "எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே" என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். பொருள் இல்லாத துண்டு ஒன்றே ஒன்று இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

ஜூன் 3, இரவு 9.50

மரத்தை.

'மரம்' தெரியும். 'ஐ' தெரியும், இரண்டாம் வேற்றுமை. நடுவில் நிற்கிற 'அத்து' எதைக் குறிக்கிறது? ஒன்றையும் இல்லை. 'மரமை' என்று சொல்ல வாய் வராது, அதனால் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்குச் சாரியை என்று பெயர். நன்னூல் அத்து, இன், அன், அற்று என்று 17 பொதுச் சாரியைகளை வரிசையாகச் சொல்கிறது. ஒன்றுக்காவது பொருள் சொல்லவில்லை. ஒன்று கேட்டீர்கள், பதினேழு தந்துவிட்டேன்.

ஜூன் 3, இரவு 11.20

படுக்கப் போனவன் திரும்பி வந்தேன். நீங்கள் காட்டிய நூற்பா சொல்லைப் பற்றியது, சொல்லின் துண்டைப் பற்றியது அல்ல. முழுச் சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதால் அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் பொருள் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே தொல்காப்பியர் உரியியலில் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றும் சொல்கிறார். காரணமே கிடையாது என்று சொல்லவில்லை, பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்கிறார். முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுவது நம் வழக்கம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

ஜூன் 5, காலை 7.30

பொருளைப் பார்க்காமல் துண்டை மட்டும் பார்த்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பல வருடம் முன்பு ஒரு வரலாற்றுக் கட்டுரைத் தொகுப்பு வந்தது. எழுதியவர் எல்லா அரசர்களையும் 'வந்தான், போனான்' என்று எழுதியிருந்தார். எல்லோரையும் மரியாதையாக மாற்றிவிடுங்கள் என்று பதிப்பாளர் சொன்னார், மறுநாள் காலைக்குள். நானூறு பக்கத்தைக் கையால் மாற்ற யாரால் முடியும்? 'தான்' என்பதைத் தேடி 'தார்' என்று மாற்றச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது டெல்லியைச் சுல்தார்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். 'அதுதான்' எல்லாம் 'அதுதார்' ஆகியிருந்தது. ஒரு பாதிரியார் கடிதத்தின் மொழிபெயர்ப்பில் சாத்தானும் மரியாதை பெற்றுச் சாத்தார் ஆகிவிட்டார். இவ்வளவு செய்தும் பாதி அரசர்களுக்கு மரியாதை போய்ச் சேரவே இல்லை. வென்றான், கேட்டான், ஓடினான் எல்லாம் அப்படியே கிடந்தன. என் கட்டளை 'த்' போட்ட இறந்தகாலத்தை மட்டும்தானே பிடிக்கும்? ட், ற், இன் போட்டவை தப்பித்துவிட்டன.

நன்னூலில் "தடறஒற்று இன்னே" என்று இறந்தகால இடைநிலைகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அன்று இரவு முழுக்கக் கையால் திருத்தும்போதுதான் அந்த நூற்பா எதற்கு என்று புரிந்தது.

ஜூன் 5, இரவு 10.05

சுல்தானிலும் வந்தானிலும் இருப்பது ஒரே 'தான்' இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேலிக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் நல்ல கேள்வி. வந்தானைப் பிரித்துவிடலாம்.

வா + த் + த் + ஆன். முதலில் பகுதி 'வா', அது குறுகி 'வ' ஆனது விகாரம். அடுத்த 'த்' சந்தி, அது 'ந்' ஆனது இன்னொரு விகாரம். இரண்டாவது 'த்' இறந்தகால இடைநிலை. 'ஆன்' ஆண்பால் ஒருமை விகுதி. ஆக நான்கு துண்டுகள்.

இனி எழுத்தை எண்ணுங்கள்: வ, ந், தா, ன். இதுவும் நான்கு. சரி, ஒரு துண்டுக்கு ஓர் எழுத்து என்று பொருத்திப் பார்த்தால் பொருந்தாது. 'தா' என்ற ஒரே எழுத்துக்குள் காலம் காட்டும் 'த்' முழுசாக இருக்கிறது, ஆளைக் காட்டும் 'ஆன்' பாதி இருக்கிறது. துண்டுகளின் எல்லை ஓர் உயிர்மெய்யின் வயிற்றுக்குள் ஓடுகிறது. கத்தியால் வெட்டினால் எழுத்தே இரண்டாகும்.

கணினிக்குள் இன்னும் வேடிக்கை. யூனிகோடில் வந்தான் என்பது ஏழு குறிகள்: வ, ந, புள்ளி, த, கால், ன, புள்ளி. நம் இலக்கணப்படி 'த்' தான் அடிப்படை, அதோடு 'அ' சேர்ந்தால் 'த'. யூனிகோடில் தலைகீழ். 'த' ஒரே குறி, 'த்' எழுத அதன்மேல் புள்ளி என்ற இன்னொரு குறி வேண்டும். காலம் காட்டும் 'த்' வந்தானுக்குள் எங்கேயும் தனியாகச் சேமிக்கப்படவில்லை. சுல்தானையும் வந்தானையும் பிரித்தறியக் கணினிக்கு அங்கே ஒரு தடயமும் இல்லை. நமக்குத் தெரிவது எழுத்தால் இல்லை. வருகிறான், வருவான், வந்தாள், வந்தார் என்று ஒரு கூட்டமே வந்தானைச் சுற்றி நிற்பதால்தான். சுல்தானுக்குச் சுல்கிறான், சுல்வான் என்று யாரும் இல்லை.

பின்குறிப்பு: தமிழில் ஒட்டுகள் எல்லாம் பின்னால்தான் வரும், முன்னால் எதுவும் ஒட்டாது. இந்த விஷயத்தில் துருக்கியும் நம்மைப் போலத்தான். 'எவ்' வீடு, 'லெர்' கள், 'இனிஸ்' உங்கள், 'தென்' இலிருந்து. எவ்லெரினிஸ்தென் என்றால் உங்கள் வீடுகளிலிருந்து. மணி கோத்த மாதிரி.

ஜூன் 6, காலை 6.40

மண்ணெண்ணெய். மண் + எள் + நெய். இதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. மண் மட்டும் ஏதோ கொஞ்சம் உண்மை.

ஜூன் 6, மதியம் 1.10

மண்ணெண்ணெய்க்கு வந்த பதில்கள் எல்லாம் சேர்த்து ஒரே பதில்: வரலாறு வேறு, இன்றைய துண்டு வேறு. எள் + நெய் என்பது எண்ணெய்யின் பிறப்புச் சான்றிதழ். இன்று பேசுகிறவர் மனத்தில் 'எண்ணெய்' பிரியாத ஒரே துண்டு. அதனால்தான் 'நல்ல' என்பதை முன்னால் போட்டு நல்லெண்ணெய் என்று மறுபடியும் எள்ளுக்கு ஒரு பெயர் செய்ய வேண்டி வந்தது. பகுபதமாகப் பிறந்த ஒன்று பகாப்பதமாக வாழ்கிறது. இப்படிப்பட்டதை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில் எனக்கே உறுதி இல்லை. தினத்துக்கு ஒரு மாதிரி தோன்றுகிறது.

ஜூன் 7, இரவு 8.30

திருத்தம். முன்னால் எதுவும் ஒட்டாது என்று எழுதியது தப்பு. ஒருவர் நான்கே சொற்களில் என் வாயை அடைத்துவிட்டார்: அவன், இவன், உவன், எவன்.

சுட்டெழுத்தையும் வினா எழுத்தையும் மறந்தே போனேன். அங்கு, இங்கு, எங்கு. அன்று, இன்று, என்று. அப்படி, இப்படி, எப்படி. முதல் எழுத்து மாறினால் பொருள் மாறுகிறது. முன்னொட்டு இல்லாமல் வேறென்ன?

ஆனால் இதில் என் பக்கத்துக்கும் ஒரு லாபம் இருக்கிறது. 'அப்படி'யில் அ-வை எடுத்தால் 'படி' மிஞ்சும், அது ஒரு சொல். 'அங்கு' என்பதில் அ-வை எடுத்தால்? 'ங்கு'. அதைச் சொல்லக்கூட முடியாது. 'அன்று' என்பதில் எடுத்தால் மிஞ்சுவது 'ன்று'. இடம் என்ற பொருள் ங்கு-வில் இருக்கிறது, நாள் என்ற பொருள் ன்று-வில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெளியே எங்கேயும் அவை தனியாகத் தலைகாட்டுவதில்லை, இந்த மூன்று வீட்டைவிட்டு வெளியே வரவே வராது. இலக்கணக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் அவன், அங்கு போன்றவற்றில் வருவதை அகச்சுட்டு என்றும், அக்குதிரை போன்றவற்றில் வருவதைப் புறச்சுட்டு என்றும் பிரித்தார்கள். உள்ளே இருப்பதை எடுத்தால் மிச்சம் பொருள் தராது, வெளியே இருப்பதை எடுத்தால் தரும். பள்ளியில் இதை வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வி என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

ஜூன் 8, காலை 5.55

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் 'உவன்' பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை, இன்று நான் யாரையும் உவன் என்று கூப்பிடுவதில்லை.

ஜூன் 9, இரவு 9.15

துண்டு துண்டு என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். துண்டே இல்லாமல் பொருள் மாறுவதை என்ன செய்வது?

என் மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது சாவி கொடுத்தால் பாடும் பொம்மை ஒன்று வைத்திருந்தாள். சாவி முறுக்க அவள் கைக்கு வலு போதாது. என்னிடம் கொண்டுவந்து, "அப்பா, இதைப் பாட்டு" என்றாள். பாட்டு வேண்டுமா என்றேன். இல்லை, "பொம்மையைப் பாட்டு, பாட்டு" என்று காலை உதைத்தாள். அரை நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. அப்படியானால் பாடு, பாட்டு! பொம்மையைப் பாட வை என்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறோம். ஊஞ்சல் ஆடுகிறது, ஊஞ்சலை ஆட்டுகிறோம். இதைக் கேட்டுக் கேட்டு அவளே ஒரு விதி செய்துகொண்டாள். விதியில் குற்றம் இல்லை. அந்த இடத்தில் 'பாட்டு' என்ற பெயர்ச்சொல் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததுதான் அவள் நேரம்.

இதில் ஒட்டு எங்கே? ஓடு + ட் என்று ஒரு 'ட்' சேர்ந்தது என்று சொல்லலாம். அடுத்ததைப் பாருங்கள்: திரும்பு, திருப்பு. அடங்கு, அடக்கு. வருந்து, வருத்து. இங்கே எதுவும் சேரவில்லை. மெல்லெழுத்து போய் அந்த இடத்தில் வல்லெழுத்து வந்தது, தன்வினை பிறவினை ஆகிவிட்டது. இன்னும் சுருக்கமானவையும் உண்டு: கெடு, கேடு. சுடு, சூடு. பெறு, பேறு. குறில் நெடிலானது, வினை பெயரானது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று நீளமான பெயர் வைத்திருக்கிறோம். நடந்தது என்னவோ ஒரு மாத்திரைதான்.

அரபியில் மொழி முழுக்கவே இப்படித்தான் நடக்கும். க, த, ப என்ற மூன்று மெய்களில் எழுதுதல் என்ற கரு இருக்கிறது. கிதாப் நூல், காதிப் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது, மக்தப் எழுத்துப் பயிலும் இடம். மெய்கள் பாவு மாதிரி அசையாமல் நிற்க, உயிர்கள் ஊடாக ஓடுகின்றன. அங்கே போய் மணி கோக்கும் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூன் 9, இரவு 11.40

பாட்டு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் பிரித்தாளா, ஒப்பிட்டாளா? நான்கு வயதில் ஓட்டு என்பதை 'ஓடு' என்றும் 'ட்' என்றும் வெட்டியிருக்க மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. ஓடுவுக்கு ஓட்டு எப்படியோ பாடுவுக்குப் பாட்டு அப்படி, அவ்வளவுதான். அப்படியானால் துண்டு என்பதே நாம் பிற்பாடு கத்தி எடுத்துச் செய்கிற வேலையா? இதைக் காலையில் மறுபடி படித்துவிட்டு அழித்தாலும் அழிப்பேன்.

ஜூன் 10, காலை 8.00

அழிக்கவில்லை.

ஜூன் 11, மாலை 4.20

துண்டு இல்லாமல் பொருள் வருவதற்கு இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. தினமும் பத்துத் தடவை அதைச் சொல்கிறோம்.

செய்தேன்: செய் + த் + ஏன். செய்வேன்: செய் + வ் + ஏன். இனி, செய்யேன்: செய் + ஏன், நடுவே ஒலிப்புக்காக ஒரு ய். 'இல்லை' என்ற பொருள் எங்கே இருக்கிறது? காலம் காட்டும் துண்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, அந்தக் காலியே மறுப்பு. செய்யாது, செய்யாமல், செய்யாத என்று வரும்போது 'ஆ' கண்ணுக்குத் தெரிகிறது. செய்யேன், செய்யோம் என்பவற்றில் அதுவும் இல்லை. உரைகாரர்கள் விடவில்லை. எதிர்மறை 'ஆ' வந்தது, வந்து கெட்டது என்று கணக்கை நேர்செய்தார்கள். சமஸ்கிருதத்துக்கு இலக்கணம் எழுதிய பாணினியும் இதே நெருக்கடிக்கு வழி செய்திருக்கிறார். காணப்படாமைக்கு லோபம் என்று பெயர் வைத்து, ஏறத்தாழ 4,000 சூத்திரங்களில் ஒன்றை அதற்கே ஒதுக்கியிருக்கிறார். ஒன்று வந்து மறைந்தது என்று எழுதிக்கொள்வது ஓர் ஏற்பாடு. கணக்குக்கு வசதி.

'செய்யேன்' செய்யுள் நடை, இப்போது யார் பேசுகிறார்கள் என்று கேட்பீர்கள். மாட்டேன் என்று சொல்வீர்கள் இல்லையா? மாட்டு என்றால் பழைய தமிழில் இயலுதல். மாட்டு + ஏன். செய்யேன் மாதிரியேதான், நடுவில் காலி. வரமாட்டேன், தரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒவ்வொரு குழந்தையும் ஒன்றுமில்லாததை அழுத்தித்தான் அடம்பிடிக்கிறது.

ஜூன் 12, இரவு 10.30

எண்ணுப்பெயரில் எல்லாம் ஒழுங்காகப் பிரியுமே என்று ஒரு நண்பர். பதினொன்று, இருபது, முப்பது வரை சரி. மொழியியலாளர் சொசூர் இதைத்தான் சொன்னார். பிரெஞ்சில் இருபதைக் குறிக்கும் சொல்லில் காரணம் தெரியாது, பத்தொன்பதைக் குறிக்கும் சொல்லில் பத்தும் ஒன்பதும் தெரிவதால் பாதிக் காரணமாவது தெரியும் என்றார்.

ஆனால் எண்பதுக்கு அடுத்து நம் ஆட்கள் செய்ததைப் பாருங்கள். தொண்ணூறு. நூறே வராத எண்ணுக்குள் ஒரு நூறு. தொள்ளாயிரத்துக்குள் ஓர் ஆயிரம். நன்னூல் இதைப் புணர்ச்சி விதியாகவே சொல்கிறது: ஒன்பதோடு பத்துச் சேர்ந்தால் பத்து நூறாக மாறும், ஒன்பதின் 'பது' போகும், முதலில் தகரம் வரும், னகரம் ணகரம் ஆகும். இதைப் புணர்ச்சி என்பதைவிட அறுவைச் சிகிச்சை என்று சொல்லலாம். நோயாளி உள்ளே போனது ஒருவர், வெளியே வந்தது வேறொருவர். ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பழைய சொல் உண்டு, பரிபாடலில் வருகிறது. தொண் என்பது அங்கிருந்து வந்தது என்றால் முதல் பாதி விளங்கிவிடும். நூறு எப்படி உள்ளே நுழைந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எனக்கு ஒன்றிலும் மனம் நிற்கவில்லை.

ஜூன் 14, காலை 7.10

இரவல் சொற்களைப் பற்றிக் கேட்டவருக்கு. சொல்லை மட்டுமா இரவல் வாங்குகிறோம், ஒட்டையும்தான். பங்குதாரர், ஒப்பந்ததாரர் என்பவற்றில் வரும் 'தார்' பாரசீகத்து ஒட்டு, வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தாரோடு வந்து, தமிழ்ப் 'பங்கு'மேல் ஏறி, மேலே ஒரு தமிழ் 'அர்' போட்டுக்கொண்டது. வருமானம், தேய்மானம், கட்டுமானம் எல்லாவற்றிலும் தமிழ் வினைமேல் வடமொழி வால். யாருக்காவது உறுத்துகிறதா?

வினை மட்டும் கறாரான வாசல். வெளியூர்ச் சொல் நேராக உள்ளே வர முடியாது. வடமொழிச் சொல் கடைசியில் ஓர் 'இ' வைத்துக்கொண்டு வர வேண்டும்: யோசி, வாசி, நேசி. ஆங்கிலச் சொல்லுக்கு அதுவும் கிடைக்கவில்லை, 'பண்ணு'வைக் கூடவே கூட்டிக்கொண்டு வர வேண்டும். டைப் பண்ணினேன், சேவ் பண்ணினேன். இணையத்தில் சிலர் 'கூகுளித்தேன்' என்று எழுதுகிறார்கள். சிரிப்புக்காக எழுதுவதுதான், ஆனாலும் வாசலில் நிற்கிறவரை ஏமாற்றி உள்ளே அனுப்பிவிட்ட மாதிரி எனக்கு ஒரு திருப்தி.

ஜூன் 15, இரவு 9.45

இந்தக் காலத்து மொழிக் கருவிகள் சொல்லை எப்படி வெட்டுகின்றன என்று பார்த்தேன். பல கருவிகள் பின்பற்றுவது 1994இல் கோப்பைச் சுருக்குவதற்காக வந்த ஒரு வழி: அடிக்கடி பக்கத்தில் வரும் இரண்டு குறிகளை ஒட்டி ஒன்றாக்கு, மறுபடி ஒட்டு, மறுபடி. பொருளை அது கேட்பதே இல்லை. அடிக்கடி வந்தால் துண்டு, வராவிட்டால் இல்லை. அதன் கண்ணில் சுல்தானின் 'தான்', வந்தானின் 'தான்', அதுதானின் 'தான்' மூன்றும் ஒன்று. அன்று நான் கொடுத்த கட்டளைதான். ஆனால் வெட்டிய பிறகு கருவி பக்கத்தில் இருக்கும் மற்றத் துண்டுகளையும் பார்த்துச் சமாளித்துவிடுகிறது. நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 17, காலை 6.20

கேள்வி கேட்டவர் இரண்டு வாரம் கழித்து வந்து ஒரே வரி எழுதியிருக்கிறார்: "அப்படியானால் 'மரத்து நிழல்' என்பதில் அத்து என்ன செய்கிறது?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மரத்து நிழல் என்றால் மரத்தினுடைய நிழல். 'உடைய' இல்லை, 'அது' இல்லை, 'இன்' இல்லை. மரத்துக்கும் நிழலுக்கும் நடுவில் அத்து மட்டும்தான் நிற்கிறது. மரம் நிழல் என்று சொன்னால் அந்தப் பொருள் வராது. ஆக உடைமைப் பொருளை அத்து தருகிறது என்று இவர் சொன்னால் நான் என்ன செய்ய?

மரபுப்படி பதில் உண்டு. ஆறாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்கிறது, சாரியை மட்டும் மிஞ்சியது, அத்துக்குப் பொருள் இல்லை. அதாவது இல்லாத உருபு பொருள் தருகிறது, இருக்கிற அத்து சும்மா நிற்கிறது. செய்யேனில் காலியான இடத்துக்குப் பொருள் கொடுத்தவன் நான், இங்கே மட்டும் கூடாது என்று சொல்ல வாய் எழவில்லை. ஆனால் கண்ணெதிரே நிற்பவனை விட்டுவிட்டுக் காணாதவனுக்குக் கூலி கொடுப்பதும் சரியாகப் படவில்லை.

'மரத்தை' என்பதில் அத்துக்குப் பொருள் இல்லை என்ற பேச்சிலிருந்து நான் இறங்கவில்லை. மரத்து நிழலில் பாதி விட்டுக்கொடுக்கிறேன். பதினேழு என்று எழுதியதைப் பதினாறரை என்று திருத்திக்கொள்ளுங்கள்.